சாமிக்கு மட்டும் ‘நீ’

தமிழர்களாகிய நமக்கு மரியாதைச் சொற்களில் பஞ்சமே கிடையாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். துரை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாதபோதும் ‘துரை வந்தாரு, துரை சொன்னாரு’ என்றுதான் பேசுவோம். கிராணி வயதில் எவ்வளவு இளையவராக இருந்தாலும் ஐயாதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஐயா. என் அம்மா என் அப்பாவை ஒரு நாள்கூட ‘நீ’ என்றதில்லை. ‘நீங்க’ என்றுகூட அதிகம் சொன்னதில்லை. ‘என்னங்க’, ‘இந்தாங்க’ என்பதோடு நாற்பது வருடக் குடும்பம் நடந்து முடிந்துவிட்டது.

அதே அம்மா, லயத்துக்குப் பின்னால் இருந்த மாரியம்மன் கோயில் வாசலில் போய் நின்றால் பேச்சே வேறு. “என்னாடி ஆத்தா, மூணு நாளா விடாம மழை. வேலை இல்ல, கூலி இல்ல. நீ பாட்டுக்கு உள்ள உக்காந்திருக்க. உனக்கென்ன, உன் வீட்டுல அடுப்பு எரியணுமா?” பக்கத்து வீட்டுப் பெண்களும் இப்படித்தான். கங்காணியைக் கண்டால் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நிற்கிறவர்கள், உலகத்தையே படைத்தவள் என்று அவர்களே சொல்லுகிறவளிடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள்.

சிறுவயதில் இது எனக்கு வேடிக்கையாகக்கூடத் தோன்றியதில்லை. எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். யோசித்துப் பார்க்க ஆரம்பித்தது வெகுகாலம் கழித்துத்தான்.

தமிழ் இலக்கணம் படித்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லி ஒருமுறை மாட்டிக்கொண்டேன். “இதில் உருகுவதற்கு ஒன்றும் இல்லை. ஒருவரைப் பன்மையில் விளிக்கும் பழக்கம் பிற்காலத்தில் பரவியது. புறநானூற்றுப் புலவர்கள் அரசனையே ‘நீ’ என்றுதான் பாடினார்கள். அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் உங்கள் அம்மாவின் ‘நீ’” என்றார். சரிதான். ஆனால் அரசனுக்கும் அதிகாரிக்கும் மாற்றிக்கொண்டோமே, சாமிக்கு ஏன் மாற்றவில்லை? அதற்கு இலக்கணத்தில் விதி ஏதும் இல்லை என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

நாம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். மலாய்க்காரர்களிடம் வயதில் மூத்தவரை ‘எங்காவ்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் சிவந்துவிடும். ஆனால் அவர்கள் கையேந்திப் பிரார்த்திக்கும்போது இறைவனை விளிப்பது அதே ‘எங்காவ்’ என்ற சொல்லால்தான். தமிழ் முஸ்லிம் நண்பர்களின் பிரார்த்தனையிலும் ‘நீ’ உண்டு. நம் கிறிஸ்துவ அன்பர்கள் மட்டும் ‘நீர்’, ‘தேவரீர்’ என்று ஒரு படி உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். ஜெபம் செய்யும்போது கேட்டால் அதிலும் தனி அழகு இருக்கத்தான் செய்கிறது.

அம்மா கடைசிவரை அர்ச்சனைச் சீட்டு வாங்கியதில்லை. பெயர், நட்சத்திரம், ராசி எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கோயிலில் சொன்னபோது, “பெத்தவளுக்குப் பிள்ளை நட்சத்திரத்தை நாம சொல்லணுமா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். சீட்டு வாங்குகிறவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானே வாங்குகிறவன்தான். முனியாண்டியிடம் நாலு நம்பர் கேட்கிறவர்களைப் பற்றியும் படித்தவர்கள் நிறையக் கேலி பேசிவிட்டார்கள். எனக்கு அந்தக் கேலியில் சேரத் தோன்றுவதில்லை. நம்பர் கேட்கிறவர் குறைந்தபட்சம் வாயைத் திறந்து கேட்கிறார். எதிரில் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பில்தானே கேட்கிறார்?

போன மாதம் தம்பி மகனைத் தஞ்சோங் மாலிமில் அவன் தங்கிப் படிக்கும் இடத்தில் விடுவதற்காகக் காரில் போய்க்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. அதிகம் பேசாத பையன். ராவாங் தாண்டியதும் திடீரென்று கேட்டான்: “பெரியப்பா, நீங்க இன்னும் சாமிய நம்புறீங்களா?”

அந்த ‘இன்னும்’ எனக்கு விளங்கியது. வேறு யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இவன் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இவனுடைய அப்பா, என் தம்பி, இவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது இறந்துபோனான்.

தம்பி லாரி ஓட்டியவன். முப்பது வயதிலேயே இனிப்பு நீர் கண்டுவிட்டது. நம் வீடுகளில் இது புதிய கதை இல்லை. மாத்திரையை ஒரு மாதம் போடுவான், இரண்டு மாதம் விடுவான். முப்பத்தொன்பதில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு. லாரி போயிற்று. இடது கையில் ரத்தக்குழாயை இணைத்த இடம் கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கும். அதில் கை வைத்தால் உள்ளே எதுவோ ஓடுவது விரலுக்குத் தெரியும். மகனைக் கூப்பிட்டு, “தொட்டுப் பாரு, அப்பா கையில மிசின் ஓடுது” என்று விளையாட்டுக் காட்டுவான்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அம்மா வீட்டு முருகன் படத்தின் முன்னால் நின்று வேண்டிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். “முருகா, எம் புள்ள பொழச்சா பத்துமலைக்கு உனக்குப் பால்குடம் கொண்டு வர்றேன்.”

மூன்று வருடம் ஓடியது. 2010, தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது தம்பி போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் போன பிறகு நடந்த ஒன்றை நான் இதுவரை யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. அம்மா வழக்கம்போல் சாயங்காலம் விளக்கேற்றினாள். ஏற்றிவிட்டு முருகன் படத்தைப் பார்த்து, “வெளக்கு ஏத்தியாச்சு. பாத்துக்குங்க” என்றாள்.

பாத்துக்குங்க.

எனக்கு முதுகில் தண்ணீர் ஊற்றியது போல் ஆயிற்று. அம்மா அழுதபோதும், மார்பில் அடித்துக்கொண்டபோதும் ஆகாத ஒன்று அந்த ஒரு சொல்லில் எனக்கு ஆகிவிட்டது. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். “இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பூ கெடைக்கல. மன்னிச்சுக்குங்க.” வீட்டுக்கு வந்த அதிகாரியிடம் பேசுவது போன்ற பேச்சு. திட்டு இல்லை, முறையீடு இல்லை. தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தலைத்திவசம் வரை ஒரு வருடம் தீட்டு என்று எங்கள் பக்கம் கோயிலுக்குப் போக மாட்டோம். 2011 தைப்பூசத்தை ஒட்டிக் கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் போவதை அம்மா தொலைக்காட்சியில் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்துபோய்ச் சோறு வடித்தாள்.

திவசம் முடிந்தது. அடுத்த தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, “நான் வெரதம் இருக்கப் போறேன். பால்குடம் எடுக்கணும்” என்றாள். எல்லாருக்கும் திகைப்பு. பிழைத்தால் எடுப்பதாகத்தானே வேண்டுதல்? பிழைக்கவில்லையே? அத்தை ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள். அம்மா சொன்னது: “பால் கொண்டு வர்றேன்னு சொன்னேன். பொழச்சாத்தான் கொண்டு வருவேன்னு சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல.”

சொன்னாள். என் காதால் கேட்டேன். ஆனால் அதை நான் நினைவுபடுத்தவில்லை.

அப்போது அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. மரம் வெட்டியே தேய்ந்துபோன முழங்கால்கள். அதிகாலை மூன்று மணிக்கு ஆற்றங்கரையில் குளித்து, மஞ்சள் சேலை உடுத்தி, தலையில் குடத்தை ஏற்றிக்கொண்டாள். நான் ஒரு பக்கம், தம்பி மனைவி ஒரு பக்கம். ஒன்பது வயதுப் பையன் தண்ணீர் போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். இப்போது பத்துமலைப் படிகளுக்கு வானவில் மாதிரி வண்ணம் அடித்திருக்கிறார்களே, அது 2018இல் வந்தது. நாங்கள் ஏறியபோது வெறும் படிகள்தான். மொத்தம் 272. அம்மா ஐம்பது படிக்கு ஒருமுறை நின்றாள். பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டாள். சுற்றிலும் ‘வேல் வேல்’ என்று கூட்டம் முழங்க, இவள் மட்டும் வாயைத் திறக்காமல் ஏறினாள்.

மேலே சன்னதியில் எவ்வளவு நேரம் நிற்க விடுவார்கள் என்பது போனவர்களுக்குத் தெரியும். குடத்தை வாங்கி, பாலை எடுத்து, திருப்பிக் கொடுத்து நகரச் சொல்வதற்குள் அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தில் அம்மா வாயைத் திறந்தாள். “இந்தா, உன் பால். இனிமே உங்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்.”

கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தாள். தனக்கு உடம்பு முடியாதபோதும் கேட்கவில்லை. ஆனால் பேச்சு திரும்பிவிட்டது. “முருகா, இந்தப் பையன் கணக்குல நாப்பது வாங்கிட்டு வந்திருக்கான், பாரு.” “ஏன்டா, கீழ் வீட்டுக்காரன் இவ்வளவு சத்தமா ரேடியோ போடுறானே, உனக்குக் கேக்குதா இல்லையா?” விளக்கேற்றும் நேரத்தில் பத்து நிமிடமாவது ஊர்க்கதை எல்லாம் நடக்கும்.

வெகுநாள் கழித்துத் தேவாரம் பற்றிய சொற்பொழிவு ஒன்றைக் கேட்கப் போனேன். சுந்தரர் கதை. திருமணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து ‘நீ எனக்கு அடிமை’ என்று ஓலையைக் காட்டிக் கல்யாணத்தையே நிறுத்துகிறார். வந்தவர் சிவபெருமான் என்று தெரிந்ததும் திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் பாடிய முதல் பாட்டு அவரைப் பித்தன் என்று கூப்பிட்டுத் தொடங்குகிறது. பாட்டு முழுக்க ‘உனக்கு’ என்ற உரிமைப் பேச்சு. சைவத்தில் நால்வருக்கும் நான்கு வழி சொல்வார்கள். அப்பருக்கு அடிமை, சம்பந்தருக்குப் பிள்ளை, சுந்தரருக்குத் தோழன், மாணிக்கவாசகருக்கு ஞான வழி. தோழன் என்பதால்தான் இந்த வாய்.

இது பலருக்கும் தெரிந்த கதை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதற்குப் பிறகு வந்த பகுதி. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது அவரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்கிறார். திருவாரூர் நினைப்பு வந்ததும் சத்தியத்தை மீறிப் புறப்படுகிறார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வருகிறார். கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்கிறார். உள்ளேயிருந்து கிடைத்த பதிலைச் சுந்தரரே பாடி வைத்திருக்கிறார். இருக்கிறோம், நீங்கள் போய் வாருங்கள் என்கிற தோரணையில், மரியாதைப் பன்மையில் வருகிறது அந்தப் பதில். கண் கொடுக்கவில்லை. ஊன்றுகோல் ஒன்று கிடைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. காஞ்சிபுரத்தில் ஒரு கண் வருகிறது. திருவாரூர் போய்ச் சேர்ந்தபோது இன்னொரு கண் இன்னும் வரவில்லை. அங்கே பாடிய பதிகத்தில் ‘நீ’ இல்லை, ‘உனக்கு’ இல்லை. எல்லாம் ‘உமக்கு’. நாங்கள் இப்படி அல்லாடுகிறோம், நீங்கள் நன்றாக இருந்துகொள்ளுங்கள் என்று பாட்டுக்குப் பாட்டு முடிக்கிறார்.

எனக்கு அம்மாவின் ‘பாத்துக்குங்க’ காதில் விழுந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுந்தரர் பெயரை அவள் கேட்டிருப்பாளா என்பதே சந்தேகம். நெருங்கிய ஒருவர் மேல் மனம் ஆறாமல் இருக்கும்போது தமிழ் நாக்கு எங்கே போய் நிற்கும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் திடீரென்று ‘வாங்க, சாப்பிடுங்க’ என்று மரியாதை கூடிவிட்டால் வீட்டில் எல்லாரும் கவனமாக இருப்போமே, அதே கதைதான்.

காரில் பையனுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. “இருக்காரான்னு எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லடா. பேச்சுவார்த்தைதான் இல்லாம இருந்துச்சு” என்றேன். உண்மையும் அதுதான். ஒரே ஊரில் இருக்கும் சித்தப்பா உயிரோடு இருக்கிறார் என்பதில் யாருக்குச் சந்தேகம்? போக்குவரத்து நின்றுபோயிருக்கும், அவ்வளவுதான். அம்மா ஒரு வருடத்தில் சண்டையைத் தீர்த்துக்கொண்டாள். என்னால் பத்து வருடம் முடியவில்லை. தைப்பூசத்துக்குப் போனேன், ஆடிக்கூழ் ஊற்ற நன்கொடை கொடுத்தேன், மனைவி நீட்டிய திருநீற்றைப் பூசிக்கொண்டேன். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக இன்றும் நான் வருத்தப்படவில்லை. தம்பியின் மகன் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடி முடித்துவிட்டு, கூட்டத்தில் யாரைத் தேடுவது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்தவன் நான். பேச என்ன இருந்தது?

“எனக்கு அவர் மேல கோவம் பெரியப்பா” என்றான் அவன், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

இல்லாத ஒருவர் மேல் எப்படிடா கோபம் வரும் என்று மடக்கலாம். பட்டிமன்ற மேடையாக இருந்தால் கைதட்டல் விழும். நான் மடக்கவில்லை. “எனக்கும் இருக்கு” என்றேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு, “அன்னிக்கு மேல போய்ப் பாட்டி ஏதோ சொன்னாங்க. எனக்குச் சரியா கேக்கல. என்ன சொன்னாங்க?” என்று கேட்டான். சொன்னேன். அதற்கு அவன் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் போத்தல் கனமாக இருந்தது என்று மட்டும் சொன்னான்.

அம்மா 2020இல் போனாள். அடுக்குமாடி வீட்டைக் காலி செய்தபோது பாத்திரங்களுக்கும் தையல் மிசினுக்கும் ஆள் இருந்தது. முருகன் படத்தை யாரும் கேட்கவில்லை. தோட்டத்து லயத்திலிருந்து அம்மா கையோடு எடுத்து வந்த படம். கண்ணாடியில் ஒரு மூலை உடைந்திருக்கும். நான் எடுத்து வந்து என் வீட்டில் மாட்டினேன். அம்மாவின் வேலையாயிற்றே என்று சாயங்காலம் விளக்கும் ஏற்றினேன். பேசவில்லை.

நான்கைந்து நாள் இப்படிப் போனது. காரியம் சொல்ல வேண்டிய எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. சித்தியவானில் இருக்கும் மாமாவுக்கு, பழைய தோட்டத்து ஆட்களுக்கு, அம்மாவுக்கு வாரம் ஒருமுறை மீன் கொண்டு வரும் சீனர்வரை. ஒரு சாயங்காலம் திரியைத் தூண்டிவிட்டு நிமிர்ந்தபோது திடீரென்று தோன்றியது: தினமும் பத்து நிமிடம் அம்மா பேசிக்கொண்டிருந்த இவருக்கு யாரும் சொல்லவில்லையே!

“அம்மா போயிட்டாங்க” என்றேன்.

பதில் வந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. சிலருக்குக் கனவில் வருகிறது, சிலருக்குப் பூ விழுகிறது, எனக்கு அப்படி எதுவும் நடந்ததில்லை. பதில் வராத பேச்சை உறவு என்று எப்படிச் சொல்வது என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசி ஐந்து மாதம் அம்மாவுக்குப் பக்கவாதத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது. தினமும் வேலை முடிந்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்ரோல் விலையிலிருந்து பேத்தியின் பரீட்சை வரை சொல்லிக்கொண்டிருப்பேன். அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். அதை ஒருவழிப் பேச்சு என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. ஆனால் அம்மாவுக்குக் கண் இருந்தது, அந்தக் கண் என்னைப் பின்தொடர்ந்தது. படத்தில் இருக்கும் கண்ணைப் பற்றி அப்படிச் சொல்ல இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.

அப்படியும் பேச்சு நிற்கவில்லை. ஒன்றுதான், அம்மாவைப் போல் என் வாயில் ‘நீ’ வரமாட்டேன் என்கிறது. ‘நீங்க’ என்று சொல்லவும் பிடிக்கவில்லை. நம் தமிழில் இதற்கும் ஒரு வழி இருக்கிறது. புதிதாகக் கல்யாணமான பெண், எப்படி அழைப்பது என்று முடிவாகாத புருஷனிடம் ‘சாப்பிட்டாச்சா?’, ‘குளிச்சாச்சா?’ என்று ஆளைத் தொடாமல் பேசுவாள் பாருங்கள், அப்படித்தான் என் பேச்சு. விளக்கு ஏத்தியாச்சு. சின்னவளுக்கு எஸ்.பி.எம். முடிஞ்சாச்சு. கால் வலி இன்னிக்குக் கொஞ்சம் தேவலாம்.

இதைச் சொன்னபோது பையன் முதன்முறையாகச் சிரித்தான். “அப்ப அவர என்னான்னு கூப்பிடுவீங்க?”

“இன்னும் கூப்பிடல.”

தஞ்சோங் மாலிம் வந்துவிட்டது. பின் இருக்கையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். கதவைச் சாத்தப் போனவன் குனிந்து, “நான் வந்து சேந்துட்டேன்னு சொல்லிடுங்க” என்றான்.

“அம்மாகிட்டயா? நீயே போன் பண்ணுடா.”

“அம்மாகிட்ட இல்ல” என்றான். நான் அடுத்து ஏதாவது கேட்பதற்குள் மாடிப்படி ஏறிவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஏழரை மணி ஆகிவிட்டது. கால் கழுவி விளக்கேற்றினேன். பையன் பத்திரமா போய்ச் சேந்தாச்சு என்றேன்.